அரண்மனையை இருமுறை விட்டவர்



தை மாதம் பிறந்துவிட்டால், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட நம் பகுதியில் சம்பா அறுவடையைத் தவிர வேறு பேச்சு இருப்பதில்லை. கீரப்பாளையம் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பக்கம் போனாலும் அறுவடை இயந்திரத்தின் சத்தம், சாலையோரத்தில் காயும் நெல், கொள்முதல் நிலையத்தில் காத்துக் கிடக்கும் மூட்டைகள். ஏக்கருக்கு எத்தனை மூட்டை கண்டது, ஈரப்பதம் எவ்வளவு, கடன் போகக் கையில் என்ன மிஞ்சும் என்பதே ஆலய வாசலிலும் பேச்சாக இருக்கும். இந்த நாட்களில்தான், பிப்ரவரி 4ஆம் நாள், திருச்சபை புனித அருளானந்தரின் விழாவைக் கொண்டாடுகிறது.

அறுவடைக் காலத்தில் ஒரு துறவியின் விழாவா என்று தோன்றலாம். ஆனால் இயேசு சொன்ன அறிவற்ற செல்வனின் உவமையும் அறுவடைக் காலத்தில்தானே நடக்கிறது? நிலம் நன்றாக விளைந்தது. களஞ்சியம் போதவில்லை. பழையதை இடித்துப் பெரிதாகக் கட்டி, பல ஆண்டுகள் உண்டு குடித்து மகிழ்வேன் என்று அவன் திட்டமிட்டான். அன்று இரவே அவன் உயிர் கேட்கப்பட்டது. விளைந்ததை இயேசு குற்றமாகச் சொல்லவில்லை. கடவுள் முன்னிலையில் செல்வம் இல்லாதவனாக அவன் செத்தான் என்பதுதான் உவமை சொல்லும் துயரம். அப்படியானால் கடவுள் முன்னிலையில் செல்வனாக வாழ்வது எப்படி? நம் தமிழ் மண்ணில் இரத்தம் சிந்திய ஒருவரின் வாழ்க்கையை வைத்து இதை இன்று சிந்திப்போம்.

அரசவைச் சிறுவன்

ஜான் தெ பிரிட்டோ 1647ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் போர்ச்சுக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் பிறந்தார். உயர்குடிக் குடும்பம். தந்தை சால்வதோர் தெ பிரிட்டோ, பிரேசிலில் ரியோ டி ஜெனீரோவின் ஆளுநராக அனுப்பப்பட்டு அங்கேயே இறந்தார். அப்போது ஜான் சின்னஞ்சிறு குழந்தை. தாய் பெயாத்ரிஸ் பிள்ளைகளைத் தனியே வளர்த்தார். அரசவையில் சிறு இளவரசர் பேத்ரோவுக்குத் துணையாக வளரும் வாய்ப்பு ஜானுக்குக் கிடைத்தது. அரசகுமாரனோடு விளையாட்டு, அரசகுமாரனோடு படிப்பு. நாளை இளவரசர் ஆட்சிக்கு வந்தால் ஜானுக்கு எந்தப் பதவியும் எட்டாததல்ல.

சிறு வயதில் ஜான் கடுமையாக நோயுற்றார். மகன் பிழைத்தால் ஓராண்டு காலம் இயேசு சபைத் துறவியரின் உடையை அவனுக்கு அணிவிப்பதாக, தாய் புனித பிரான்சிஸ் சவேரியாருக்கு நேர்ச்சை செய்தார். மகன் பிழைத்தான். பட்டும் சரிகையும் மின்னிய அரசவையில் ஒரு சிறுவன் கறுப்பு அங்கியோடு ஓராண்டு நடமாடினான். நேர்ந்துகொண்டதைச் செலுத்திவிட்டோம், இத்துடன் முடிந்தது என்று தாய் நினைத்திருக்கலாம். மகனுக்கோ அது ஒரு தொடக்கமாயிற்று.

முதல் முறை விட்டது

1662ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், 15 வயதில், ஜான் இயேசு சபையில் சேர்ந்தார். கல்வியில் சிறந்து விளங்கினார். அவரை நாட்டிலேயே பேராசிரியராக வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்பியவர்கள் உண்டு. அவருடைய விருப்பம் வேறு. சவேரியார் சென்ற இந்தியாவுக்குத் தானும் செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

1673ஆம் ஆண்டு குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட சில வாரங்களிலேயே கப்பலேறும் நேரம் வந்தது. தாய் அழுதார், தடுத்தார். திருத்தந்தையின் தூதர் வரை சென்று, மகனை நிறுத்தச் சொல்லி வேண்டினார். கணவரைக் கடல் கடந்த நாட்டில் பறிகொடுத்த பெண் அவர். அந்தத் தாயின் கண்ணீரைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? வெளிநாட்டு வேலைக்குப் பிள்ளையை விமானமேற்றிவிட்டு வீடு திரும்பும் நம் ஊர்த் தாய்மார்களைக் கேட்டால் தெரியும். இன்று தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசலாம். அன்று ஒரு கடிதம் போய்ச் சேர ஆண்டுக்கணக்கில் ஆகும்.

மார்ச் மாதம் புறப்பட்ட கப்பல் செப்டம்பரில் கோவா வந்து சேர்ந்தது. ஜானுக்கு அப்போது 26 வயது. அரண்மனையை அவர் முதல் முறை விட்டது இப்படித்தான்.

பண்டாரசாமி அருளானந்தர்

கோவாவிலிருந்து கேரளத்தின் அம்பழக்காடு வந்து, 30 நாள் இஞ்ஞாசியாரின் தியானப் பயிற்சிகளைச் செய்தார். பிறகு 1674இல் மலைத்தொடரைக் கால்நடையாகக் கடந்து தமிழகம் வந்தார். அவர் சேர்ந்தது மதுரை மறைப்பணித்தளம். தத்துவ போதகர் என்று நாம் அறிந்த ராபர்ட் தெ நொபிலி முன்பு உழைத்த அதே தளம். நொபிலி அந்தணத் துறவியைப் போல வாழ்ந்தார். அந்த வாழ்க்கை முறையில் எளிய சாதி மக்களோடு தாராளமாகப் பழக முடியவில்லை. ஆகவே அவருக்குப் பின் வந்த சில குருக்கள் பண்டாரசாமிகளாக வாழத் தொடங்கினார்கள். ஜானும் அந்த வழியைத் தேர்ந்தார். காவி உடுத்தார். இறைச்சியும் மதுவும் தொடவில்லை. தமிழ் கற்றார். அருளானந்தர் ஆனார்.

காவிரிப் படுகையும் தஞ்சையும் மதுரையும் மறவர் நாடும் அவருடைய பணிக்களங்கள். வடக்கே வேலூர், சென்னை வரையிலும் பயணம் செய்திருக்கிறார். நமக்குத் தெற்கே ஓடும் கொள்ளிடம் அவருக்கும் பழக்கப்பட்ட ஆறுதான். அந்தக் காலம் அமைதியான காலமும் அல்ல. 1676இல் தஞ்சை மராத்தியர் கைக்கு வந்தது. 1677இல் சிவாஜியின் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. படைகள் போகும் வழியில் விளைந்த வயலும் நிற்காது, கட்டிய வீடும் நிற்காது. அப்படிப்பட்ட நாட்களில் ஓலைக் குடிசையில் தங்கி, சோறும் கீரையும் உண்டு, ஊர் ஊராக நடந்து ஏழைகளுக்கு நற்செய்தி சொன்னார் அரசவையில் வளர்ந்த அந்த மனிதர்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏழைகளைப் பார்த்து, உங்களுக்கு மோட்சம் இருக்கிறது, இங்கே பட்டினி கிடங்கள் என்று அரண்மனையிலிருந்து அவர் ஓலை அனுப்பவில்லை. தன்னிடம் இருந்ததைத் தான் விட்டுவிட்டு, அவர்கள் இருந்த இடத்துக்கு வந்தார். துறவைப் பற்றிப் பேசும் உரிமை துறந்தவருக்குத்தான் உண்டு. அறுத்தவனின் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு விண்ணகத்தைப் பற்றிப் பேசுகிறவர்களை யாக்கோபின் திருமுகம் எவ்வளவு கடுமையாகச் சாடுகிறது என்பது நமக்குத் தெரியும்.

1686ஆம் ஆண்டு மறவர் நாட்டில் அவர் தம் உபதேசியார்களோடு கைது செய்யப்பட்டார். கட்டி வைத்து அடித்தார்கள், நீரில் அமிழ்த்தினார்கள், பட்டினி போட்டார்கள். கொலைத் தண்டனை நிறைவேறும் தறுவாயில் இராமநாதபுரம் சேதுபதி மன்னர் அவரை நேரில் விசாரித்து விடுதலை செய்தார். ஆனால் இனி இந்த நாட்டில் போதிக்கக் கூடாது என்று கட்டளையிட்டார்.

இரண்டாம் முறை விட்டது

இந்த நிலையில்தான் சபைத் தலைவர்கள் அவரைப் பணித்தளத்தின் பிரதிநிதியாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1687இல் லிஸ்பன் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 40. உடலில் சித்திரவதையின் தழும்புகள் இருந்தன. ஊரே திரண்டு வந்து பார்த்தது. சிறு வயதில் உடன் விளையாடிய இளவரசர் பேத்ரோ இப்போது போர்ச்சுக்கலின் அரசர். தாயும் உயிரோடு இருந்தார்.

அரசர் தம் பழைய நண்பரைத் திருப்பி அனுப்ப விரும்பவில்லை. பட்டத்து இளவரசருக்கு ஆசிரியராக இங்கேயே இருங்கள் என்று வற்புறுத்தினார். இந்தியாவுக்குப் போவதாக இருந்தாலும் கொடுங்கல்லூர்ப் பேராயர் பதவி அவருக்காகக் காத்திருந்தது.

அன்பர்களே, அருளானந்தரின் வாழ்க்கையில் மிகக் கடினமான இடம் இதுதான் என்பது நம் எண்ணம். ஓரியூர்க் கொலைக்களம் கூட இதற்கு அடுத்ததுதான். ஏனென்றால் 15 வயதில் ஒன்றை விடுவது வேறு, 40 வயதில் விடுவது வேறு. சிறு வயதில் நாம் எதை விடுகிறோம் என்பது நமக்கே முழுதாகத் தெரியாது. இளமையின் வேகம் நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும். 40 வயதில் உடம்பு ஓய்வு கேட்கிறது. பட்டபாடு நினைவில் இருக்கிறது. இந்தியாவில் என்ன காத்திருக்கிறது என்று அவருக்குக் கற்பனை செய்ய வேண்டிய தேவையே இல்லை. கயிறும் சாட்டையும் தெரியும். பசி தெரியும். அந்த நாட்டில் மீண்டும் போதித்தால் உயிர் போகும் என்பதும் தெரியும்.

அதைவிட முக்கியமானது, இம்முறை வந்த சோதனை செல்வத்தின் முகத்தோடு வரவில்லை. நல்ல காரியத்தின் முகத்தோடு வந்தது. அரசரின் பக்கத்தில் இருந்தால் மறைப்பணித்தளத்துக்கு எவ்வளவு உதவி வாங்கித் தரலாம்! நாளைய அரசனை நல்ல கிறிஸ்தவனாக வளர்த்தால் நாட்டுக்கே நன்மை அல்லவா? வயதான தாயின் அருகில் இருப்பதும் கட்டளைதானே? ஒவ்வொன்றும் நியாயமான காரணம். அவற்றில் எதையும் பாவம் என்று யாரும் சொல்ல முடியாது.

அருளானந்தர் மறுத்துவிட்டார். லிஸ்பனில் இருந்த நாட்களிலும் அவர் காய்கறி உணவையே உண்டு, தரையிலே படுத்தார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. அரண்மனையில் நடமாடியபோதும் அவர் உள்ளத்தால் தமிழகத்தை விட்டு வரவே இல்லை. 1690இல் மீண்டும் கப்பலேறினார். தாயை மறுபடி பார்க்கப் போவதில்லை என்று இருவருக்கும் தெரிந்திருக்கும்.

ஓரியூர்

திரும்பி வந்தவர் எந்த நாட்டில் போதிக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டாரோ அதே மறவர் நாட்டின் எல்லையில் மீண்டும் பணி தொடங்கினார். மறவர் நாட்டுத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் நோயுற்றிருந்தார். உபதேசியார் ஒருவர் வந்து செபித்த பின் குணமடைந்தார். திருமுழுக்குப் பெற விரும்பினார். அவருக்கு மனைவியர் பலர். ஒருவரோடு மட்டும் வாழ வேண்டும் என்பதை அருளானந்தர் எடுத்துச் சொன்னார். தடியத்தேவர் ஏற்றுக்கொண்டார். மற்ற மனைவியரை ஆதரவற்றவர்களாக விட்டுவிடாமல் பராமரிப்பதாக உறுதி தந்து, 1693 ஜனவரி 6ஆம் நாள், மூவரசர் திருவிழா அன்று திருமுழுக்குப் பெற்றார்.

விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் சேதுபதியின் உறவுப் பெண். அவமானமும் வேதனையும் அடைந்த அந்தப் பெண் அரசரிடம் முறையிட்டார். தடியத்தேவர் அரச குலத்தோடு தொடர்புள்ளவர் என்பதால் அரசியல் அச்சமும் இதில் கலந்திருந்தது. ஜனவரி 8ஆம் நாள் அருளானந்தர் கைதானார். இராமநாதபுரம் கொண்டுசெல்லப்பட்டு, பிறகு வடக்கே பாம்பாற்றங்கரையில் உள்ள ஓரியூருக்கு அனுப்பப்பட்டார்.

சிறையில் காகிதமும் எழுதுகோலும் எங்கே கிடைக்கும்? கிடைத்த கரியைக் கொண்டு உடன் குருக்களுக்குக் கடிதம் எழுதினார். அதில் புலம்பல் இல்லை. தன் மேல் சுமத்தப்பட்ட குற்றம் நற்செய்தியைப் போதித்ததுதான் என்பதில் மகிழ்ந்தார். மறுநாள், 1693 பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன். உலகெங்கும் கிறிஸ்தவர்கள் நெற்றியில் சாம்பல் பூசி, மண்ணிலிருந்து வந்தோம் மண்ணுக்கே திரும்புவோம் என்று நினைவுகூரும் நாள். அன்று ஓரியூர் மண்ணில் அவர் தலை வெட்டப்பட்டது. 46 வயது நிறைய இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

செய்தி லிஸ்பன் போய்ச் சேர்ந்தபோது அரசர் நன்றி வழிபாடு நடத்தினார். அந்த வழிபாட்டுக்குத் தாய் பெயாத்ரிஸ் துக்க உடையில் வரவில்லை. விழா உடை அணிந்து வந்தார். மகனைத் தடுக்கத் தூதர் வரை சென்ற அதே தாய். மகன் முதல் முறை விட்டபோது அவர் விடவில்லை. கடைசியில் அவரும் விட்டார். ஒரு துறவி உருவாகும்போது வீட்டில் இன்னொருவரும் துறக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தாய்க்கும் விண்ணகத்தில் பங்கு உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை.

1853இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். நம் நாடு விடுதலை பெறுவதற்கு ஏறக்குறைய இரு மாதங்களுக்கு முன், 1947 ஜூன் 22ஆம் நாள், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதர் என அறிவித்தார். இன்று ஓரியூரின் செம்மணலை எல்லாச் சமயத்தாரும் பக்தியோடு எடுத்துச் செல்கிறார்கள்.

நமக்கு என்ன?

நாம் யாரும் அரண்மனையில் வளர்ந்தவர்கள் அல்ல. நம்மில் பலருக்கு விடுவதற்குச் செல்வமே இல்லை. வங்கியில் அடகு வைத்த நகையும், குழுக் கடனுக்கு வாரந்தோறும் கட்ட வேண்டிய தவணையும்தான் இருக்கின்றன. அவர்களிடம் போய், பணத்தைப் பெரிதாக நினைக்காதீர்கள் என்று சொல்வது அறமாகாது. பிள்ளையைப் படிக்க வைக்கவும், ஒழுகாத கூரை போடவும், கடனை அடைக்கவும் உழைப்பது கடவுளுக்கு ஏற்ற உழைப்பு. இல்லாதவனுக்கு வேண்டியது கிடைக்கச் செய்வதே இருப்பவன் விண்ணகத்தில் சேர்க்கும் செல்வம்.

இக்காலத்தில் மற்றொரு போதனையும் நம் ஊர்களில் ஒலிக்கிறது. விசுவாசித்தால் வீடு வரும், வாகனம் வரும், காணிக்கை கொடுத்தால் பத்து மடங்காகத் திரும்பி வரும் என்கிறார்கள். அப்படியானால் அருளானந்தருக்கு விசுவாசம் இல்லையா? அவருக்குத் திரும்பி வந்தது சிறையும் வெட்டுக்கத்தியும்தானே? கடவுளை வட்டி தரும் கணக்காக அவர் நினைக்கவில்லை. விண்ணகப் பரிசு என்று நாம் சொல்வது தங்கத் தெருவோ மாளிகையோ அல்ல, கடவுளே நமக்குக் கிடைப்பது. அவரை விரும்பாத உள்ளத்துக்கு அந்தப் பரிசு பரிசாகவே தெரியாது. அவரை விரும்பக் கற்றவர்களுக்கு மற்றவற்றைக் கையிலிருந்து விடுவது மெல்ல மெல்ல எளிதாகிறது.

அடுத்து, இரண்டாம் முறை விடுவதைப் பற்றி நாம் யோசிக்க வேண்டும். திருமண நாளில் கணவனும் மனைவியும் ஒருவருக்காக ஒருவர் எதையும் விடத் தயாராக இருக்கிறார்கள். இருபது ஆண்டு கழித்து? இளைஞராக இருந்தபோது பங்கில் ஓடியாடி உழைத்தவர்கள் பதவி வந்தபின் நாற்காலியை விட்டு எழ மறுப்பதில்லையா? தந்தை உயிரோடு இருந்தவரை ஒரே தட்டில் உண்ட அண்ணன் தம்பிகள், அவர் அடக்கம் முடிந்தபின் அரை ஏக்கர் நிலத்துக்காக நீதிமன்றத்துக்கு அலைவதை நாம் பார்க்கிறோம் அல்லவா? குருக்களாகிய நாமும் இதற்கு விலக்கல்ல. திருப்பட்ட நாளில் பீடத்தின் முன் முகங்குப்புற விழுந்து எல்லாவற்றையும் விட்டோம். 50 வயதைக் கடந்த பின் வசதியான பங்கு, நல்ல வாகனம், மக்களின் மரியாதை என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து சேருகின்றன. எல்லாமே இறைப்பணிக்காகத்தான் என்று காரணமும் சொல்லிக்கொள்ள முடிகிறது. அரசவையில் நின்ற அருளானந்தர் இந்த இடத்தில்தான் நம்மை நிமிர்ந்து பார்க்கிறார்.

பொருள் நம் கையில் இருக்கிறதா, நாம் பொருளின் கையில் இருக்கிறோமா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. யாருக்காவது கொடுக்க வேண்டிய நேரம் வரும்போது கை திறக்கிறதா என்று பார்ப்பதுதான். ஆகவே இந்த அறுவடைக் காலத்தில் நாம் ஒவ்வொருவரும் ஒன்றைச் செய்யலாம். மூட்டைகளை எண்ணி முடித்தபின், யாருக்கு எது தர வேண்டியிருக்கிறது என்றும் எண்ணுவோம். நிலுவையில் நிற்கும் கூலியைக் கொடுத்துவிடுவோம். பேசாதிருக்கும் தம்பியின் வீட்டுக்கு ஒரு மூட்டை நெல்லோடு போவோம். கணவனை இழந்து தனியே பிள்ளைகளை வளர்க்கும் பெண் நம் தெருவில் இருந்தால், அவளுடைய பிள்ளையின் பள்ளிச் செலவில் ஒரு பங்கை ஏற்போம். இவை சிறியவைதான். ஆனால் பூச்சி அரிக்காத, திருடன் தொட முடியாத சேமிப்பு இப்படித்தான் தொடங்குகிறது.

ஒருமுறை விட்டதை மறுபடி பற்றிக்கொள்ளாத மன உறுதியை, தமிழ் மண்ணை நேசித்து அதிலேயே இரத்தம் சிந்திய புனித அருளானந்தர் நமக்காக இறைவனிடம் வேண்டிப் பெற்றுத் தருவாராக.